ஒட்டடையின் சிவப்பு மப்ளர்

உஸ்மான் கனி வேலைக்காக வரைந்த எதையும் அவருடைய மகள் ரூஹி பார்த்ததில்லை. பள்ளிக்கூடத்துக்கு அவர் போட்டுக் கொடுக்கும் சார்ட் பேப்பரைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். நான் சொல்வது அவருடைய பிழைப்பை.

அம்பத்தூர் எஸ்டேட்டில் முன்பு பம்புக்கு உதிரி பாகம் செய்த கட்டடம் ஒன்றுக்குக் கண்ணாடி ஒட்டி, ஏ.சி. மாட்டி, ஆபீஸ் என்று வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். அதன் மூன்றாவது மாடியில் எங்கள் ஸ்டுடியோ. வெளிநாட்டுக் கம்பெனிகள் வீடியோ கேம் செய்யும், அதற்கான படங்களை நாங்கள் வரைந்து அனுப்புவோம். வரைந்தது நாங்கள்தான் என்று வெளியே மூச்சு விடக் கூடாது. வேலைக்குச் சேரும்போதே அதற்குக் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். கையெழுத்துப் போட்டவர்கள் எல்லோரும் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் காட்டிப் பெருமை அடித்துக்கொள்வார்கள். கனி பாய் மட்டும் காட்டமாட்டார். இப்படி ஒரு மனிதர் இருந்தால் உருப்படுவாரா என்று நான் முகத்துக்கு நேரே கேட்டிருக்கிறேன். சிரிப்பார்.

என் பெயர் கோமளா. கேம் விற்கும் அட்டைப்பெட்டி என் வேலை. முகப்பில் என்ன, முதுகில் என்ன, மூடியில் என்ன என்று அடுக்கி அச்சுக்கு அனுப்புவேன். கனி பாய் ஆட்களை வரைபவர் என்று பேர். ஆனால் ஆள் வரையும் வேலை அவருக்கு வருவது அபூர்வம். செடி வரைந்தார், வேலி வரைந்தார், அப்புறம் ரொம்ப காலம் வெறும் பாறை. ரூஹியின் வகுப்பில் அப்பா என்ன வேலை செய்கிறார் என்று டீச்சர் கேட்க, அவள் எழுந்து, "எங்க அத்தா பாறை வரைவாரு" என்றாளாம். வகுப்பே சிரித்திருக்கிறது. இதை டீக்கடையில் எங்களிடம் சொன்னபோது கனி பாயும் சிரித்தார். டீ முடிந்து திரும்பி நடக்கும்போது மட்டும் என்னிடம் தனியாகச் சொன்னார்.

"ஒரே ஒரு பொட்டி கோமளாம்மா. நான் போட்ட ஆளு முன்னாடி நிக்கணும். கடைல போயி வாங்கி அவ கைல குட்த்து, இது அத்தா போட்டதுன்னு சொல்லணும். அத்தோட போதும்."

"கடைக்கு வர்றதுக்கு மின்னாடியே காட்டுங்களேன் பாய். குடியா மூழ்கிடும்."

"கையெய்த்து போட்டுக்கீறேனே" என்றார்.

அந்தப் பெட்டி போன வருடம் வந்தது.

டோபின் என்று ஒரு பழைய ஆட்டம். கறுப்புக் கோட்டு போட்ட ஆள் ஒருவன், நீளக் குச்சியில் கட்டிய பிரஷ்ஷோடு கூரைக்குக் கூரை தாவுவான். புகைபோக்கிக்குள் ஒளிந்திருக்கும் பூதங்களைக் குத்தி விரட்டுவான். நடுவில் தவறி விழுந்தால் செத்தான். எங்கள் பக்கத்தில் புகைபோக்கியை யார் கண்டார்கள்? பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூர் எல்லா வீடியோ கேம் கடையிலும், ஒட்டடை அடிக்கிறவன் போலிருந்த அவனுக்கு ஒட்டடை என்றுதான் பெயர். என் தம்பி சாப்பாட்டைக்கூட விட்டுவிட்டு ஒட்டடை ஆடப் போவான். அவனை இழுத்து வரப் போய் நானே பார்த்திருக்கிறேன்.

அந்த ஆட்டத்துக்குச் சொந்தக்காரக் கம்பெனி அதைப் புதுசாக்கி, அழகான பெட்டியில் போட்டு, நம் ஊர்க் கடைகள் வரை விற்கப் போவதாக எங்களிடம் வந்தது. டோபினுக்குப் புது உருவம் வேண்டும், பெட்டியும் வேண்டும். உருவம் கனி பாய்க்கு, பெட்டி எனக்கு.

வெளியே இருந்து பார்த்தால் இதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். பழைய டோபின் டிவியில் தெரிந்ததே கொஞ்சம் புள்ளிகள்தான். கண் ஒரு புள்ளி, மூக்கு ஒரு புள்ளி. அதை வைத்துக்கொண்டு இவனுக்கு என்ன வயது, நல்லவனா, சிடுமூஞ்சியா, கோட்டு யார் தைத்தது என்று முழு மனிதனை உண்டாக்க வேண்டும். கனி பாய் முதலில் முகமே வரையவில்லை. கழுத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு ஆபீஸ் மாடிப்படியில் இருந்து குதித்துக் குதித்துப் பார்த்தார். வாட்ச்மேன் மேலே வந்து, சாருக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா என்று என்னிடம் விசாரித்தார். பிறகு ஒரு நாள் டோபின் வந்தான். பூந்தமல்லியில் காலை முதல் பஸ்ஸில் ஏறுகிறவர்களின் தூக்கம் பற்றாத கண், ஆனாலும் ஒரு சிரிப்பு. பிரஷ்ஷைப் பிடித்திருக்கும் கையில் கட்டைவிரல் வெளிப்பக்கமாக வளைந்திருந்தது. கனி பாய் யாரை வரைந்தாலும் கட்டைவிரல் அப்படித்தான் வரும், ஏனென்றால் அவருடைய விரல் அப்படி.

கம்பெனி ஒன்று கேட்டிருந்தது. கறுப்புக் கோட்டு மட்டும் என்றால் தூரத்தில் ஆள் எடுபடவில்லை, புதிதாக ஒரே ஒரு பொருள் சேருங்கள், ஆனால் பார்க்கிறவர்களுக்கு அது எப்போதும் இருந்தது போலத் தோன்ற வேண்டும் என்று. இதைப் படித்துவிட்டு நான் தலையில் அடித்துக்கொண்டேன். கனி பாய் குழம்பவே இல்லை. சிவப்பு மப்ளர் ஒன்றைக் கழுத்தில் சுற்றி, தாவும்போது பின்னால் பறக்கவிட்டார்.

"இத எதுக்கு புச்சுன்றாங்க" என்றார். "அவன் கய்த்துல எப்பவுமே கீறதுதான. எகிறும்போது மட்டும் தெரியும்."

"அவங்க அனுப்பின படத்துல காணோமே பாய்."

"அது மொதல்ல வந்ததா இர்க்கும். அப்பால போட்ருப்பாங்க."

நானும் தலையாட்டினேன். எனக்கும் ஒட்டடை என்றால் சிவப்பு மப்ளர்தானே ஞாபகம். எங்கள் ஆபீஸில் அந்த வயதுக்காரர்கள் யாரைக் கேட்டாலும் அதையேதான் சொல்லியிருப்பார்கள். எங்கள் மேனேஜர் ஸ்ரீநாத், கும்பகோணத்துக்காரர், அயனம்பாக்கத்தில் ஏரி தெரிகிற ஃப்ளாட்டில் இருப்பவர், அவருக்கு இந்த ஆட்டமே தெரியாது. படம் போனது. கம்பெனி துள்ளிக் குதித்தது. இத்தனை வருடத்தில் ஒரே தடவையில் ஒப்புதல் வந்த படம் அதுதான்.

பெட்டிக்கு நான் மாதிரி ஒன்று அச்செடுத்து, வெட்டி, மடித்து ஒட்டினேன். முகப்பு முழுக்க டோபின், மப்ளர் முதுகுப் பக்கம் வரை பறந்து போகிறது. கனி பாய் அதை இரண்டு கையாலும் வாங்கினார். மூடியைத் திறந்து மூடினார். உள்ளே ஒன்றுமில்லை என்று தெரிந்தும் எட்டிப் பார்த்தார்.

"எட்த்துக்கினு போங்க பாய். ரூஹி கிட்ட காட்டிட்டு காலைல கொண்டாங்க. யாருக்கும் தெரியாது."

ஒரு நிமிடம் யோசித்தார் என்றுதான் நினைக்கிறேன். "வேணாம், கடைக்கு வரட்டும்" என்று என் மேஜைமேல் வைத்தார். இன்றைக்கும் அந்த ஒரு நிமிடத்தை நினைத்தால் எனக்கு ஆத்திரம் வருகிறது.

கம்பெனி அந்தப் படத்தை இணையத்தில் வெளியிட்டது. நம் ஊரிலும் இன்னும் சில ஊர்களிலும் இருந்து ஆட்கள் மப்ளர் மப்ளர் என்று உருகி எழுதினார்கள். கம்பெனியின் சொந்த நாட்டுக்காரர்களோ, எந்த மப்ளர், டோபினுக்கு ஏது மப்ளர் என்று கேட்டார்கள். சண்டை பெரிதானது. கம்பெனிக்குப் பயம் வந்து, வரைந்தவரோடு பேச வேண்டும் என்று எங்களுக்குச் செய்தி அனுப்பியது.

ஸ்ரீநாத் கனி பாயைக் கூப்பிட்டார். நானும் இருந்தேன், பெட்டி என்னுடையது என்பதால்.

"கனி சார், ஒரே ஒரு கேள்விதான் கேப்பாங்க. மப்ளர் உங்க சொந்த ஐடியாவான்னு. ஆமான்னு சொல்லிடுங்க. அதுக்கு மேல ஒண்ணும் பேச வேண்டாம்."

கனி பாய் சரி என்றார். வெளியே வந்ததும் அவர் முகம் மாறிவிட்டது.

"ஆமான்னா இன்னா அர்த்தம் கோமளாம்மா? அவங்க ஆளுக்கு நானா ஒண்ணத்த மாட்டி உட்டேன்னுதான அர்த்தம். அதத்தான் சந்தேகப்படுறாங்க. இத்தினி வருசத்துல குட்த்ததுக்கு மேல ஒரு பித்தான் நான் சேத்திருப்பனா?"

"ஸ்ரீநாத் சொல்றத அப்டியே சொல்லுங்க பாய். எதுக்கு வம்பு."

"நாளிக்கு பாரு" என்றார். அடுத்த நாள் சாயங்காலம் அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டே கூட்டத்துக்கு வந்தார்.

திரையில் கம்பெனியில் இருந்து ஒரு பெண்ணும் ஒரு வக்கீலும். அந்தப் பெண் படத்தை மனதாரப் புகழ்ந்தாள். பிறகு வக்கீல் ஸ்ரீநாத் சொன்ன கேள்வியை அப்படியே கேட்டார். மப்ளர் உங்கள் கற்பனையா?

"இல்லை சார்" என்றார் கனி பாய், பார்த்துப் பார்த்து எடுத்த ஆங்கிலத்தில். "நான் எதையும் சேர்க்கவில்லை. அது எப்போதும் இருந்தது. உங்கள் ஆட்கள் மறந்திருக்கலாம்."

பையைத் திறந்து சாம்பல் நிற வீடியோ கேம் கேசட் ஒன்றை எடுத்தார். பூந்தமல்லியில் அவர் ஆடிய கடையை மூடியபோது கேட்டு வாங்கி வைத்திருந்ததாம். அதன்மேல் ஒட்டிய படத்தில், வேறு எந்தெந்த ஆட்டத்து ஆட்களோ நெருக்கியடிக்க, நடுவில் ஒட்டடை தாவிக்கொண்டிருந்தான். கழுத்தில் சிவப்பு மப்ளர். கனி பாய் அதைத் தன் கன்னத்துக்குப் பக்கத்தில் தூக்கிப் பிடித்தார்.

"ஒரிஜினல்" என்றார்.

ஸ்ரீநாத் மேஜைக்கு அடியில் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். வக்கீல் மரியாதையாக, இன்னும் கொஞ்சம் வெளிச்சத்தில் காட்ட முடியுமா என்று கேட்டார். கனி பாய் நாற்காலியை நகர்த்தி வெளிச்சத்தில் காட்டினார். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. தன்மேல் விழுந்த பழியைத் துடைத்துவிட்டதாக நினைத்தார். எனக்கு அப்போது ஒன்றும் புரியவில்லை. கூட்டம் முடிந்த பிறகுதான் புரிந்தது.

நம் ஊரில் விற்ற கேசட் எதுவும் அந்தக் கம்பெனி செய்ததில்லை. எங்கோ யாரோ திருட்டுத்தனமாக நகலெடுத்து, அடையாளம் தெரியாமல் இருக்க அங்கங்கே எதையாவது மாற்றி, கப்பலில் அனுப்பிய சரக்கு. டோபினின் மப்ளர் அப்படி வந்தது. திருட்டு நகலில் இருந்து ஒரு நூல்கூட எடுக்கக் கூடாது என்பது கம்பெனியின் முதல் நிபந்தனை. வேறொருவன் போட்ட மப்ளரை வைத்துக்கொண்டு அவர்களால் விற்க முடியாது. என்னுடைய கற்பனை என்று கனி பாய் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் விற்றிருப்பார்கள். அதை எதிர்பார்த்துத்தான் அந்தப் பெண் அத்தனை அன்பாகப் பேசினாள். அவர் தானே சாட்சியும் கொண்டுவந்து, வெளிச்சத்திலும் காட்டினார்.

வாரம் முடிவதற்குள் எல்லாம் முடிந்தது. கனி பாய் வரைந்தது எதுவும் வேண்டாம் என்று கம்பெனி எழுதியது. படங்களை இனி ஏ.ஐ.யில் செய்துகொள்வார்களாம், திருத்தம் மட்டும் எங்களுக்கு. கையால் வரைகிறவர்கள் இனி தேவையில்லை என்று கனி பாயை அனுப்ப எங்கள் முதலாளிக்கும் அதில் ஒரு சாக்கு கிடைத்தது. நான் ஒட்டிய மாதிரிப் பெட்டியை அழிக்கச் சொன்னார்கள். ஸ்ரீநாத் அதைப் பிரித்துத் தட்டையாக்கி, காகிதம் கிழிக்கும் மெஷினில் விட்டார். கனி பாய் தன் மேஜையைக் காலி செய்துகொண்டே அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். ஸ்ரீநாத் கெட்டவர் இல்லை. கை கொடுக்க வந்தவர் கொடுக்காமலே பாத்ரூம் பக்கம் போய்விட்டார்.

பஸ் ஸ்டாப் வரை நான் கூட நடந்தேன். வேலையைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று பார்த்தேன். அவர் கேட்டது வேறு.

"அப்போ அந்த மப்ளர எவன் போட்டான் கோமளாம்மா?"

"எவனோ போட்டான் பாய். உடுங்க."

"நல்லா போட்ருந்தான்" என்றார். பஸ் வந்தது, ஏறிக்கொண்டார்.

அடுத்த வாரம் முகப்புப் படத்தில் இருந்து மப்ளரை எடுக்கும் வேலை என்னிடம் வந்தது. வேண்டாம் என்றவர்களே, புதுப் படம் தயாராகும்வரை விளம்பரத்துக்கு அதையே வைத்து ஒப்பேற்றலாமா என்று பார்த்தார்கள். எடுத்தேன். அடியில் கழுத்து இல்லை. அங்கே கழுத்து வரைய வேண்டும் என்று கனி பாய்க்குத் தோன்றியதே இல்லை, டோபினை அவர் மப்ளரோடுதான் உண்டாக்கியிருந்தார். ஏ.ஐ.யை விட்டு ஒரு கழுத்தை நிரப்பச் சொன்னார்கள். நிரப்பியது. குறை சொல்ல ஒன்றுமில்லாத கழுத்து. கடைசியில் அதுவும் வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். கடைக்கு வந்த பெட்டியில் இருப்பவன் வேறு யாரோ. பெரிய கண்ணும் பளிச்சென்ற பல்லுமாக நன்றாகத் தூங்கி எழுந்தவன்.

கனி பாய்க்குப் பூந்தமல்லி டிரங்க் ரோட்டில் ஃப்ளெக்ஸ் கடையில் வேலை கிடைத்தது. பிறந்தநாள், கல்யாணம், கண்ணீர் அஞ்சலி. ஆளின் தலையை ஒரு போட்டோவில் இருந்து வெட்டி, கோட்டு சூட்டு போட்ட வேறு உடம்பில் ஒட்டவேண்டும். வரைய அங்கே ஒன்றுமில்லை. இடையில் வேறு ஸ்டுடியோக்களுக்குப் போய்வந்தார். என்ன செய்திருக்கிறீர்கள், காட்டுங்கள் என்று எல்லோரும் கேட்டார்கள். காட்ட முடியாதே. டோபினின் கதை ஏற்கெனவே பரவிவிட்டதால் பெயரைச் சொன்னதும் சிரித்துவிட்ட இடமும் உண்டு. போன் பேசினால் முன்பு மாதிரிதான் பேசுவார். நாமாகக் கேட்காவிட்டால் எதுவும் வராது, அவ்வளவு வித்தியாசம்.

இந்த மார்ச்சில் ஆவடி பஸ் ஸ்டாண்டு பக்கம் நடைபாதையில் போய்க்கொண்டிருந்தேன். பிளாஸ்டிக் பொம்மை, செல்போன் கவரெல்லாம் விரித்து வைத்திருந்த இடத்தில் கையடக்க வீடியோ கேம் குவித்திருந்தார்கள். பெட்டியில் டோபின். எங்கள் டோபின். தூக்கம் பற்றாத கண், அந்தச் சிரிப்பு, பறக்கும் சிவப்பு மப்ளர். கம்பெனி இணையத்தில் போட்டுவிட்டுப் பிறகு நீக்கிய படத்தை எவனோ உருவி, அச்சடித்து, சரக்கைக் கொண்டுவந்து இறக்கிவிட்டான். சிவப்பு கொஞ்சம் வழிந்திருந்தது. பெட்டி மடிப்பு கோணல். திருடன் செய்ததாக இருந்தால் என்ன, கனி பாய் வரைந்த ஆள் முன்னாடி நிற்கிறான், பெட்டி கடைக்கு வந்துவிட்டது. ஒன்றை வாங்கிக்கொண்டு திருமுல்லைவாயிலில் இருக்கும் என் வீட்டுக்குக்கூடப் போகாமல், கனி பாயைப் பார்க்கப் பூந்தமல்லி பஸ் ஏறிவிட்டேன்.

அவருடைய மனைவி மஹ்பூபா கூடத்தில் ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தார். "வாங்கம்மா, எவ்ளோ நாளாச்சு" என்று மெஷினை நிறுத்தி, டீ போட உள்ளே போனார். ரூஹி டியூஷனில் இருந்து இன்னும் வரவில்லை. நான் பையில் இருந்து பெட்டியை எடுத்துக் கனி பாயிடம் கொடுத்தேன்.

பார்த்துக்கொண்டே இருந்தார். கட்டைவிரலால் மப்ளர்மேல் தடவினார். மை கையில் ஒட்டியது.

"எங்க வாங்கின?"

"ஆவடில பாய். குமிச்சு வச்சிக்கீறான். ரூஹி கிட்ட குடுங்க. நீங்க சொன்ன அதே பொட்டி."

அவர் பதில் சொல்வதற்குள் ரூஹி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். ஏழாவது படிக்கிறாள், நல்ல உயரம். பெட்டியைக் கண்டதும் அவரிடமிருந்து வாங்கிக்கொண்டாள். மப்ளரையோ முகத்தையோ அவள் பார்க்கவில்லை. நேரே பிரஷ்ஷைப் பிடித்திருக்கும் கையைத்தான் பார்த்தாள். தன்னுடைய சார்ட் பேப்பர் அத்தனையிலும் அவள் பார்த்த கை அது.

"அத்தா, வெரலு நீங்க போடுற மாரியே கீது. இது நீங்க வரைஞ்சதா?"

நான் கனி பாயைப் பார்த்தேன். இந்த ஒரு கேள்விக்காகத்தான் அந்த மனிதர் இத்தனை வருடம் பாறை வரைந்தார். ஆமாம் என்று சொல்வார், சொல்லட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். அவர் கையில் ஒட்டிய சிவப்பு மையைக் கைலியில் துடைத்தார்.

"இல்லம்மா" என்றார். "இது டூப்ளிகேட்டு. எவனோ போட்டது."

ரூஹி இன்னொரு தடவை பெட்டியைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு அதை நான் கொண்டுவந்த பையில் போட்டு என்னிடம் நீட்டினாள்.